ஊர் கூடிக் காற்றாலை வைக்க இங்கிலாந்தில் அனுமதி கேட்டால்: சேவைக்கு 5க்கு 2

வீட்டுக் கூரையில் சோலார் வைக்கப் போகிறவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அவர்களுக்குத் தனி அனுமதியே தேவையில்லை, அந்த மட்டில் இங்கிலாந்து கவுன்சில்களின் (அதாவது உள்ளாட்சி அமைப்புகளின்) திட்ட அனுமதி சேவைக்கு முழு மார்க் போடலாம். ஊர்க்காரர்கள் பங்கு போட்டு, கூட்டுறவு சங்கமாக ஒரு காற்றாலை நிறுத்த விண்ணப்பித்தால் என்ன ஆகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

2015 ஜூனில் அரசு ஒரு அறிவிப்பு விட்டது. காற்றாலை வரலாம் என்று உள்ளூர் நிலப் பயன்பாட்டுத் திட்டத்திலேயே இடம் குறித்திருக்க வேண்டும், அக்கம்பக்கத்தாரின் ஆட்சேபங்களும் முழுக்கத் தீர்ந்திருக்க வேண்டும். பல கவுன்சில்களின் திட்டத்தில் அப்படி ஒரு இடமே இல்லை, மெனு கார்டில் இல்லாததை எங்கே ஆர்டர் செய்வது? ஒருவர் ஆட்சேபித்தாலே இழுபறி என்ற நிலை வேறு. 2024 ஜூலையில் புது அரசு பதவியேற்ற சில நாட்களிலேயே இந்த விதியைத் தூக்கியது, நல்லது, ஆனால் நடுவில் போன ஒன்பது வருஷம் போனதுதான்.

சரி, இப்போது கதவு திறந்தாச்சு. காற்றாலை ஊருக்குச் சொந்தமா, வெளியூர் கம்பெனிக்குச் சொந்தமா என்பது விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது கணக்கில் வருமா? கிட்டத்தட்ட வராது. ஃபாரஸ்ட் ஆஃப் டீன் பகுதியில் ஒரு சமூக நலச் சங்கம் ஒற்றைக் காற்றாலைக்கு விண்ணப்பித்து, வருமானத்தில் 4 சதவீதத்தை ஊர் நிதிக்குத் தருவதாகச் சொன்னது, கவுன்சிலும் அதை ஒரு நன்மையாக எடுத்துக்கொண்டு அனுமதி தந்தது. 2019ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பணத்துக்கும் நிலப் பயன்பாட்டுக்கும் சம்பந்தமில்லை, அதை எடை போட்டதே தப்பு என்று சொல்லிவிட்டது. அனுமதியைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கம் வந்துவிடக் கூடாது என்ற கவலை நியாயமானதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தேசியக் கொள்கை ஆவணம் சமூகம் முன்னெடுக்கும் திட்டங்களை ஆதரியுங்கள் என்கிறது, அதிகாரியின் மேஜையில் வந்ததும் ஊர்ச் சங்கமும் பெரிய கம்பெனியும் ஒரே தட்டில் நிற்கின்றன. ஒரு நட்சத்திரம் போனது இதற்காகத்தான்.

டென்மார்க் இதை வேறு விதமாகச் செய்தது. 2009ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, புதுக் காற்றாலை கட்டுகிறவர் குறைந்தது 20 சதவீதப் பங்கை உள்ளூர்க்காரர்களுக்கு விற்க முன்வர வேண்டும், 4.5 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. கவனியுங்கள், இது திட்ட அனுமதி விதி இல்லை, புதுப்பிக்கத்தக்க எரிசக்தியை ஊக்குவிக்கும் சட்டம், அதனால் மேலே சொன்ன சிக்கலே எழாது. 2020ல் இதைக் கைவிட்டு அண்டை வீட்டாருக்கு வருஷா வருஷம் பணம் தரும் முறைக்கு மாறினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, பணம் வாங்குகிறவருக்குப் பங்குதாரரைப் போல ஓட்டுரிமை கிடையாதே.

கோபன்ஹேகனுக்கு அருகே கடலில் நிற்கும் மிடல்குருண்டன் காற்றாலைப் பண்ணை அதற்கும் முந்தியது, 2000ல் முடிந்தது. 40 மெகாவாட், அதில் பாதி 8,000க்கு மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட கூட்டுறவுக்குச் சொந்தம். முதலில் மூன்று வரிசையில் 27 காற்றாலைகள் என்றுதான் திட்டம், மக்கள் கருத்துக் கேட்டபின் 20 ஆகக் குறைத்து ஒரே வளைவாக நிறுத்தினார்கள். கருத்துக் கேட்பு என்பது சடங்கு இல்லாமல் வரைபடத்தையே மாற்றியது, அதற்கு ஐந்து நட்சத்திரம் தாராளமாகத் தரலாம்.

அப்புறம் இங்கிலாந்தில் விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. அனுமதி கிடைத்து மூன்று வருஷத்துக்குள் வேலையை ஆரம்பிக்காவிட்டால் பொதுவாக அது காலாவதி. பங்கு வெளியிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்க்கும் சங்கத்துக்கு, அதுவும் கிரிட் (மின் கட்டமைப்பு) இணைப்புக்கு வரிசையில் நிற்கும்போது, இது ரொம்பக் குறைவு. ஆனால் கவுன்சில் நினைத்தால் இதைவிட நீண்ட கெடு வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, விண்ணப்பத்திலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள்.