பழுது பார்த்து வந்த வண்டி இழுக்கவில்லை என்றால்: ஈஎல்எம்327 அடாப்டர் எவ்வளவு உதவும்?

டைமிங் பெல்ட் மாற்றிய வண்டி, எஞ்சின் ஹெட் இறக்கி ஏற்றிய வண்டி, ஏன், த்ராட்டில் பாடியைத் துடைத்துக் கொடுத்த வண்டிகூட பிக்கப் இல்லாமல் திரும்பி வருவதுண்டு. கேட்டால், "கொஞ்சம் ஓடட்டும், செட் ஆகிவிடும்" என்பார்கள். பேட்டரியைக் கழற்றியதால் அழிந்த ஐடிலிங் அளவுகள் அப்படிச் செட் ஆகும். பல் மாறி விழுந்த பெல்ட் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் செட் ஆகாது.

இந்தச் சந்தேகம் வந்தவர்கள் முதலில் வாங்க வேண்டியது ஈஎல்எம்327 வகை ஓபிடி அடாப்டர், அதாவது வண்டியின் கணினியில் உள்ள எண்களைப் போனுக்கு அனுப்பும் சிறு கருவி. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகி, போனில் ஒரு ஆப் போட்டால் போதும். ஆனால் இதைக் கோடு (வண்டியின் கணினி பதிவு செய்யும் கோளாறுக் குறியீடு) படிக்க மட்டும் வாங்கினால் பாதிப் பயன் வீண். இழுவை குறைந்த பல வண்டிகளில் செக் எஞ்சின் லைட் எரிவதே இல்லை. உண்மையான பலன் லைவ் டேட்டாவில், அதாவது ஓடும்போதே வரும் சென்சர் எண்களில்தான் இருக்கிறது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. அசல் சிப்பைச் செய்த கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் 2022-இல் மூடப்பட்டுவிட்டது. சந்தையில் கிடைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை நகல்கள். "வெர்ஷன் 1.5" என்று அச்சிட்டிருந்தால் நகல் என்பதில் சந்தேகமே வேண்டாம், அப்படி ஒரு பதிப்பை அந்த நிறுவனம் வெளியிட்டதே இல்லை. நகலிலும் ஓரளவு ஒழுங்காக வேலை செய்பவை உண்டு, சில கட்டளைகளை விழுங்கிவிடுபவையும் உண்டு. பின்னதில் ஆப் இணையும், எண்கள் பாதியில் உறையும். அதை உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்குப் பழைய புளூடூத் வகை ஒத்துவராது. புளூடூத் எல்இ அல்லது வைஃபை வகை வேண்டும். வண்டியை நிறுத்தியதும் கழற்றிவிடுங்கள், பல வண்டிகளில் அந்தச் சாக்கெட்டுக்கு எப்போதும் மின்சாரம் வரும்.

செருகியதும் முதலில் பார்க்க வேண்டியது, கோடு அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரம். 2008-க்குப் பிந்தைய வண்டிகள் பலவற்றில் இது கிடைக்கும். வண்டியை நேற்று எடுத்தீர்கள், தூரம் 15 கிலோமீட்டர் என்று காட்டுகிறது என்றால் பட்டறையில் யாரோ கோடை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று சொல்லும் ரெடினஸ் மானிட்டர்கள் "முடியவில்லை" என்று காட்டினாலும் அதே பொருள்தான். குற்றம் சாட்ட இது மட்டும் போதாது. எந்தக் கோடு இருந்தது என்று கேட்க இது போதும்.

அடுத்தது ஓட்டிப் பார்க்கும் சோதனை. ஆப்பில் ஆர்பிஎம், மேனிஃபோல்டு அழுத்தம் (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயில் உள்ள அழுத்தம்), த்ராட்டில், இக்னிஷன் டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) ஆகிய நான்கை மட்டும் தேர்ந்தெடுங்கள். பத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொன்றும் மெதுவாகப் புதுப்பிக்கும், கணப்பொழுதில் வரும் சரிவு தப்பிவிடும். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் ஆனில் இருக்கும்போது மேனிஃபோல்டு அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டும். கடல் மட்டத்தில் சுமார் 100 கிலோபாஸ்கல். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காலியான சாலையில் இரண்டாம் கியரில், 2000 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். எண்களைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், அல்லது ஆப் பதிவு செய்யட்டும்.

டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியில் அப்போது அழுத்தம் முதலில் குறித்த எண்ணுக்கு மிக அருகே ஏற வேண்டும். 100-க்குப் பதில் 85-இல் நின்றால் காற்று உள்ளே வரும் வழி அடைபட்டிருக்கிறது: ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் விட்டுப்போன துணி, மடிந்த ஹோஸ், அல்லது முழுதாகத் திறக்காத த்ராட்டில். முழுத் திறப்பில்கூடப் பல வண்டிகளில் த்ராட்டில் 80 முதல் 90 சதவீதம்தான் காட்டும், அது கோளாறு இல்லை. 40-இல் நின்றால் லிம்ப் மோடு, அதாவது கோளாறு கண்ட கணினி வேண்டுமென்றே சக்தியைக் குறைத்திருக்கிறது. அழுத்தம் சரியாக ஏறியும் வண்டி இழுக்கவில்லை என்றால் மேனிஃபோல்டு வரை காற்று வந்துவிட்டது என்று பொருள். அடைபட்ட கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், வால்வ் டைமிங், இக்னிஷன், பெட்ரோல் அழுத்தம் ஆகியவற்றில் தேடுங்கள். பட்டறையில் ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் திரும்பத் திரும்ப மாற்றிக் காசு கரைவது இப்படிப் பிரித்துப் பார்க்காததால்தான்.

பெல்ட் வேலைக்குப் பிறகு ஐடிலிங் அழுத்தத்தையும் பாருங்கள். எஞ்சின் சூடான பின், ஏசி அணைத்த நிலையில் 25 முதல் 40 கிலோபாஸ்கல் வழக்கம். 45, 50 என்று நின்று, மேனிஃபோல்டில் காற்றுக் கசிவும் இல்லை என்றால் கேம் டைமிங்கை (வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டும் பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் தண்டும் ஒத்துச் சுற்றுவதை) நம்பாதீர்கள். கேம் புல்லியில் 40 பல் இருந்தால் ஒரு பல் மாறுவது கேமில் 9 டிகிரி, கிராங்கில் 18 டிகிரி. எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஓடும், மேட்டில் திணறும். சில வண்டிகளில் கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லும் பி0016 கோடு வரும், பலவற்றில் வராது. பெல்ட் கவரைக் கழற்றி டைமிங் குறிகளைப் பார்ப்பதுதான் முடிவான சோதனை.

இக்னிஷன் டைமிங் சுமையில் விடாமல் பின்வாங்குகிறதா? மேனிஃபோல்டு கழற்றி மாட்டிய வண்டி என்றால் எஞ்சின் தட்டும் ஒலியைக் கேட்கும் நாக் சென்சரின் போல்ட்டைச் சந்தேகிக்கலாம். பெரும்பாலும் 20 நியூட்டன் மீட்டர் முறுக்குதான் அதற்கு. கை பலத்தில் இறுக்கினால் சென்சர் தவறாகக் கேட்கும். கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் ஃபியூவல் ட்ரிம்மும் பயன்படும்: குறுகிய கால, நீண்ட கால எண்களைக் கூட்டினால் ஐடிலிங்கில் பிளஸ் 20, 2500 ஆர்பிஎம்மில் பிளஸ் 5 என்று இறங்கினால் எங்கோ வேக்குவம் ஹோஸ் மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். சுமை ஏற ஏறக் கூடினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் அல்லது அழுக்கான மாஸ் ஏர்ஃப்ளோ சென்சர்.

அடாப்டர் நேரடியாகக் காட்டாதவையும் உண்டு. ஒட்டிக்கொண்ட பிரேக் காலிப்பரை எந்த எண்ணிலும் பார்க்க முடியாது. சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்ற வேண்டும். கிளட்ச் ஸ்லிப்பை மட்டும் சுற்றி வளைத்துப் பிடிக்கலாம்: மூன்றாம் கியரில் 2000 ஆர்பிஎம்முக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்றால் 4000-க்கு 60 வர வேண்டும்.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் அழுத்தும் அழுத்தம், அடாப்டருக்கு அறவே தெரியாது. ஹெட் இறக்கிய வண்டிக்குக் கம்ப்ரஷன் கேஜையும் சேர்த்தே வாங்குங்கள். சூடான எஞ்சினில் எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, இன்ஜெக்டரையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி, ஸ்டார்ட்டரால் சிலிண்டருக்கு ஐந்தாறு கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் வரும்வரை சுற்ற விடுங்கள். பெட்ரோலில் 10 முதல் 14 பார் வரும். சிலிண்டர்களுக்கிடையே 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அடுத்தடுத்த இரண்டு மட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட். எல்லாமே ஒரே அளவில் குறைந்தால் மறுபடியும் கேம் டைமிங். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வ். டீசல் வண்டிக்கு இந்தக் கேஜ் உதவாது. 20 முதல் 35 பார் வரை வரும் என்பதால் அதற்கென்றே செய்த கேஜும், இன்ஜெக்டர் அல்லது க்ளோ பிளக் துளைக்குப் பொருந்தும் அடாப்டரும் வேண்டும்.