டேனரி உப்புத்தண்ணீருக்கு எந்தப் பைப்?

ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பழைய வட ஆற்காடு டேனரிகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்) பைப்பைத் தின்பது பிரஷர் அல்ல, உப்பு. பச்சைத்தோல் அழுகாமல் இருக்கப் போட்ட உப்பெல்லாம் தோலை ஊறவைக்கும் தண்ணீரில் இறங்குகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் ஆர்.ஓ. ஒதுக்கும் நீரில் அது இன்னும் செறிவாகிவிடும்.

இதற்கு எம்.எஸ். (சாதா இரும்பு) பைப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 304 ரகம் பளபளவென்று இருக்கும். உப்பிலுள்ள குளோரைடு பட்டால் ஊசி குத்தினாற்போல் ஓட்டை விழும். மாலிப்டினம் சேர்த்த 316 கூடுதலாகத் தாங்கும், விலையும் கூடுதல்.

மிச்சம் எச்.டி.பி.இ.யும் (கெட்டியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) ஆர்.டி.பி.யும் (வலுவூட்டிய பிளாஸ்டிக் பைப்) தான். எச்.டி.பி.இ.யை உப்பு அரிக்காது. அதன் எதிரி சூடு. பி.இ.100 ரகத்தில், எஸ்.டி.ஆர்.11 (வெளிவிட்டம் சுவர்த் தடிப்பைப் போல 11 மடங்கு) பைப்பில் 16 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு காற்றழுத்தம்) என்று போட்டிருப்பது 20 டிகிரிக்கான கணக்கு. 40 டிகிரியில் சுமார் 12 பார்தான். வேலூர் அக்னி நட்சத்திரத்தில் வெளியே கிடக்கும் பைப்புக்கு 20 டிகிரி ஏது?

ஆர்.டி.பி. என்பது அதே பிளாஸ்டிக்கை வரிந்து கட்டியது. உள்ளே பெரும்பாலும் எச்.டி.பி.இ. குழாய், மேலே கண்ணாடி இழையோ அராமிட் என்ற வலுவான செயற்கை இழையோ எஃகுக் கம்பியோ, அதற்கும் மேல் பிளாஸ்டிக் உறை. இழையைச் சுமார் 55 டிகிரி சாய்வில் சுற்றுவார்கள். காரணம் இருக்கிறது: குழாயின் சுற்றுவாக்கில் விழும் இழுவை, நீளவாக்கில் விழுவதைப் போல இரண்டு மடங்கு. இரண்டையும் ஒரே சுற்றில் சமாளிக்க அந்தக் கோணம்தான் சரி. எண்ணெய் வயல்களில் 100 பாருக்குக்கூடப் போடுகிறார்கள். சிறிய அளவுகள் சுருளாகவே வரும். பாலாற்றின் குறுக்கே நடுவில் ஒரு இணைப்புகூட இல்லாமல் இழுத்துவிடலாம்.

வில்லங்கம் முனையில். இரண்டு பக்கமும் வரும் கப்ளிங் (இணைப்புத் துண்டு) பெரும்பாலும் உலோகம். எந்த உப்புக்குப் பயந்து பிளாஸ்டிக்குக்கு வந்தோமோ, அது அங்கே காத்திருக்கும். வெட்டுப்பட்டால், எச்.டி.பி.இ. என்றால் உள்ளூர் ஆளே சூடுகாட்டி ஒட்டிவிடுவார், ஆர்.டி.பி.க்கு அதற்கான கப்ளிங்கும் அமுக்கும் மெஷினும் வர வேண்டும்.

டேனரியிலிருந்து பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் லைனில் சில பார் பிரஷர்தான். அதற்கு ஆர்.டி.பி. வீண் செலவு, ஒரு படி தடித்த எச்.டி.பி.இ.யை மண்ணுக்குள் புதைத்தால் போதும். ஆர்.ஓ. ஸ்கிட்டில் (பம்பு, சவ்வு எல்லாம் ஒரே சட்டத்தில் பொருத்திய தொகுதியில்) பிரஷர் அதிகம்தான், ஆனால் அடிக்கு ஒரு வளைவு. அங்கே நல்ல ரக எஸ்.எஸ்.தான் தோது. ஆர்.டி.பி.க்கு இடம், நீண்ட தூரம், 16 பாருக்கு மேல், வளைவு குறைவு என்று மூன்றும் சேர்ந்த லைனில் மட்டும். வாங்குவதானால் கப்ளிங் எந்த கிரேடு என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.