கெமிஸ்ட்ரிக்கு கோச்சிங்கா, டியூஷனா, வீடியோவா? எங்க வீட்ல மூணையும் பாத்தாச்சு

என் பொண்ணு இப்ப ப்ளஸ் டூ. அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், ப்யூர் சயின்ஸ் குரூப், நீட் எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை. நாங்க கோவில்பட்டி. அவ ப்ளஸ் ஒன் சேந்தப்போ மூணு வழி இருந்துச்சு, திருநெல்வேலில சனி ஞாயிறு கோச்சிங், பக்கத்துத் தெருல ரிட்டயர்டு சார் ஒருத்தர் எடுக்குற டியூஷன், இல்லேன்னா வீட்ல இருந்தே வீடியோ. ஏழு மாசம் கோச்சிங் போனா, அப்புறம் நிறுத்திட்டு டியூஷன்ல விட்டோம். ஸ்கூல மாத்துற பேச்சே எடுக்கல, ஆறாவதுலேருந்து ப்ளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சாத்தான் மெடிக்கல் சீட்ல அந்த 7.5 சதவீத ஒதுக்கீடு, அத எப்படி விடுறது.

வீடியோவ பத்தி சீக்கிரம் சொல்லிடறேன். கல்வித் தொலைக்காட்சி, மணற்கேணி ஆப் ரெண்டுமே ஃப்ரீ, தமிழ்லயே இருக்கு. திட நிலைமை பாடத்துல முகப்பு மைய கனசதுரம்னு வருமே, அதெல்லாம் போர்டுல வரைஞ்சு காட்டுறத விட வீடியோல சுத்திக் காட்டும்போதுதான் அவளுக்குப் புரிஞ்சுது. அணைவுச் சேர்மங்களோட வடிவமும் அப்படித்தான். ஆனா பாத்துட்டு புரிஞ்சுதும்மான்னு சொல்லுவா, மறுநாள் நோட்ட எடுத்து எழுதச் சொன்னா வராது. துணைக்கு நல்லது, அத மட்டும் நம்பி விட முடியாது.

கோச்சிங்ல நல்லது இல்லாம இல்ல. கொஸ்டின் பேப்பர் அவ்ளோ குடுக்குறாங்க, வாராவாரம் டெஸ்ட். நீட்ல கெமிஸ்ட்ரி மட்டும் 45 கேள்வி 180 மார்க், தப்புக்கு ஒரு மார்க் போகும், அந்த வேகம் அங்கதான் பழகும். கஷ்டம் என்னன்னா எல்லாம் இங்கிலீஷ் வார்த்தை. ஸ்கூல் புக்ல ஈனி, அங்க லிகண்ட், புக்ல தாங்கல் கரைசல், அங்க பஃபர். மொத ரெண்டு மாசம் பிள்ளை ரொம்பத் தடுமாறிட்டா. அப்புறம் அதையும் பழகிக்கிட்டா, அதனால நிறுத்தினது அதுக்காக இல்ல.

நிறுத்தினதுக்குக் காரணம் ஒண்ணே ஒண்ணுதான், கொஞ்சம் விரிவாவே சொல்றேன். அயனிச் சமநிலை நம்ம ஸ்டேட் போர்டுல ப்ளஸ் டூல வரும், கோச்சிங்ல என்சிஇஆர்டி (சென்ட்ரல் புக்) வரிசைங்கிறதால ப்ளஸ் ஒன்லயே நடத்திட்டாங்க. அதுல டெஸ்ட் வெச்சா எப்பவும் மார்க் கம்மி. மூணு மாசம் இப்படியே போச்சு. ஷீட்ல தப்புன்னு வரும், சரியான விடை ஏ யா பி யான்னு இருக்கும், சொல்யூஷன போர்டுல போடுவாங்க, இவளும் எழுதிட்டு வருவா, அடுத்த டெஸ்ட்ல மறுபடி அதே கதை. கிளாஸ்ல கிட்டத்தட்ட நூறு பிள்ளைங்க, யார் நோட்ட யார் பாக்குறது. இவளுக்கு இந்தப் பாடமே வராதுன்னு நானும் நெனச்சுட்டேன், அவளும் நெனச்சுட்டா. அவ ராத்திரி அழுததெல்லாம் உண்டு.

தை மாசம் அந்த சார்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் ஒரே ஒரு கணக்கு குடுத்தாரு, அசிட்டிக் ஆசிட்டும் சோடியம் அசிட்டேட்டும் சம செறிவுல இருக்கிற தாங்கல் கரைசல், பிஹெச் என்ன, கேஏ (அந்த ஆசிட்டோட பிரிகை மாறிலி) 1.8 இன்ட்டு 10 பவர் மைனஸ் 5. இவ 3.2ன்னு போட்டா. சரியான விடை 4.74. சார் நோட்ட வாங்கி ஒரு நிமிஷம் பாத்தாரு, "ஏம்மா, கெமிஸ்ட்ரி எல்லாம் உனக்கு சரியா வருது, ஃபார்முலா சரி, போட்டதும் சரி, லாக் எடுக்கத்தான் தெரியல"ன்னாரு. லாக்னா மடக்கை, 1.8க்கு அது 0.2553, அத 5ல கழிக்கணும். இவ லாக் எடுக்காம 1.8ஐயே கழிச்சிருக்கா. ப்யூர் சயின்ஸ் குரூப்ல மேத்ஸ் கிடையாது, லாக்க யாரும் இவளுக்கு உக்காந்து சொல்லியே குடுக்கல. டெஸ்ட்ல 3.2 ஆப்ஷன்ல இல்லேன்னா கிட்ட இருக்கிறத டிக் பண்ணிட்டு வந்திருக்கா.

ரெண்டு சாயங்காலத்துல லாக் டேபிள் பாக்கவும், நீட்டுக்கு லாக் 2 0.3010, லாக் 3 0.4771னு மனசுல வெச்சுக்கிட்டு மத்தத அதுலேருந்து எடுக்கவும் பழக்கிட்டாரு. இப்ப ப்ளஸ் டூல மின் வேதியியல்ல நெர்ன்ஸ்ட் சமன்பாடு, வினை வேகவியல்ல 2.303 கணக்கு எல்லாத்துலயும் அதே லாக்தான், எங்கயும் நிக்கல. அன்னிக்கு அது கண்ணுல படாம இருந்திருந்தா இந்த மூணு பாடமும் போயிருக்கும். நோட்ட ஒருத்தர் வாங்கிப் பாக்குறாரா இல்லையா, நான் பாக்குறது அது மட்டும்தான். ஃபீஸ் அப்புறம்தான், டியூஷன் மாசம் 800, கோச்சிங்ல கட்டின தவணை போனது போனதுதான்.

ஸ்கூல் லேபையும் இதுலதான் சேக்கணும். டைட்ரேஷன்னா ப்யூரெட்ங்கிற அளவு போட்ட கண்ணாடிக் குழாய்லேருந்து கரைசல விட்டு அளக்குறது, எங்க ஸ்கூல்ல நாலு பேருக்கு ஒரு ப்யூரெட்தான், ஆனாலும் கைய ஒருத்தர் பாக்குறாங்க. பெர்மாங்கனேட் கலர் அடர்த்தியா இருக்கும், அதனால மேல் விளிம்ப வெச்சு ரீடிங் எடுக்கணும், கடைசில சொட்டு சொட்டா விடணும், லேசான பிங்க் வந்து மறையாம நின்னா முடிவுநிலை, ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊத்தினா பெர்மாங்கனேட் அதையும் ஆக்சிஜனேற்றம் பண்ணிடும், அதனால நீர்த்த சல்ஃபியூரிக் ஆசிட்தான். இதெல்லாம் ரெண்டு தடவ தப்பா பண்ணி திட்டு வாங்கித்தான் அவளுக்கு வந்துச்சு. ப்ளஸ் டூல தியரி 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அதுக்கு மட்டும்னு நெனச்சுட்டு இருந்தேன், 2024லேருந்து நீட் சிலபஸ்லயே செய்முறை வேதியியல்னு தனி யூனிட் இருக்கு, இந்த டைட்ரேஷனும் அதுல வருது.

டியூஷன்ல குறையும் இருக்கு. சார் ஆர்கானிக் மெக்கானிசம் நிதானமாத்தான் நடத்துவாரு, ஒரு நிமிஷத்துக்கு ஒரு கேள்விங்கிற வேகம் அவர்கிட்ட வராது. எல்லா ஊர்லயும் இப்படி ஒரு சார் கிடைப்பாருன்னும் சொல்ல முடியாது, பத்து பிள்ளைங்க இருக்கிற கோச்சிங்னா நானே வேற மாதிரி எழுதியிருப்பேனோ என்னமோ. ப்ளஸ் டூ முடிச்சிட்டு ஒரு வருஷம் முழுசா ரிப்பீட்டர் பேட்ச்ல உக்கார்றவங்களுக்கு எது சரின்னு எனக்கு அனுபவம் இல்ல. இவளும் இன்னும் பரீட்சை எழுதல.

வேகத்துக்கு டெஸ்ட் சீரிஸ் மட்டும் தனியா வாங்கியிருக்கோம். ஞாயித்துக்கிழமை காலைல வீட்லயே டைம் வெச்சு எழுதுவா. சாயங்காலம் போகும்போது ரஃப் பேப்பர எல்லாம் சேத்துக் குத்தி எடுத்துட்டு வரணும்னு சார் சொல்லியிருக்காரு, மார்க்க கேக்குறதுக்கு முன்னாடி அதத்தான் வாங்கிப் பாக்குறாரு.