சூளைத் தட்டில் எதை விரிப்பது: தின்ஃபயர் தாளும் ஷெல்ஃப் பிரைமரும் ஒரு மதிப்பீடு

கண்ணாடியைச் சூளையில் உருக்கி ஒட்டும் வேலையில் கண்ணாடித் தகடு வாங்கத்தான் எல்லோரும் கவலைப்பட்டுச் செலவு செய்கிறார்கள். அதற்கும் அதைத் தாங்கும் சூளைத் தட்டுக்கும் நடுவே எதைப் போடுவது என்பதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். ஆனால் பொருள் கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் அந்த அடிப்பக்கம்தான். வெறும் தட்டில் வைத்த கண்ணாடி 800 டிகிரியில் அதோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தெடுக்கப் போனால் பொருளும் போகும், தட்டும் போகும்.

அமெரிக்காவின் போர்ட்லண்டில் 1974 முதல் இயங்கும் புல்ஸ்ஐ நிறுவனம் இதற்கு இரண்டு பொருள் விற்கிறது. ஒன்று, தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் பூசும் ஷெல்ஃப் பிரைமர் என்ற தூள். மற்றது, வெட்டி விரிக்கும் தின்ஃபயர் என்ற தாள். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாக விளம்பரம் சொல்லும். உண்மையில் இரண்டுக்கும் பொருந்தும் வேலை வேறு வேறு. எதற்கு எது என்று தெரியாமல் வாங்கினால் இரண்டுமே நஷ்டம்.

முதலில் பிரைமர். அலுமினா ஹைட்ரேட்டும் கயோலின் களிமண்ணும் முக்கியக் கூறுகள். ஒட்டவிடாமல் தடுப்பது அலுமினா, அதைத் தட்டில் பிடித்து வைப்பது களிமண். தூள் ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு, எடையில் அல்ல, அளவில். கலக்கிச் சில நிமிடம் ஊறவிட்டு மறுபடி கலக்க வேண்டும். தூள் சீக்கிரம் அடியில் தங்கிவிடும், அதனால் ஒவ்வொரு முறை தூரிகையைத் தோய்ப்பதற்கு முன்னும் ஒரு கிண்டு கிண்டுவது நல்லது. இல்லையேல் முதல் பூச்சு வெறும் தண்ணீராகவும் கடைசிப் பூச்சு களிமண் அப்பியது போலவும் இருக்கும்.

மென்மையான, அகலமான ஹைக் தூரிகைதான் இதற்கு ஏற்றது. சுவருக்கு அடிக்கும் நைலான் தூரிகை வரிவரியாகக் கோடு விடும். அந்தக் கோடு அப்படியே கண்ணாடியின் அடியில் பதியும். முதல் பூச்சு கிடையாக, அடுத்தது செங்குத்தாக, பிறகு இரண்டு மூலைவிட்டத் திசைகளில் என்று நான்கைந்து பூச்சு, முந்தையது காயக் காத்திருக்காமல் தொடர்ந்து போக வேண்டும். தட்டின் நிறம் தெரியாத அளவுக்கு மூடினால் போதும். பிறகு 260 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் வைத்து உலர்த்த வேண்டும். கைக்குக் காய்ந்தது போலத் தெரிந்தாலும் தட்டின் உள்ளே ஈரம் இருக்கும். அது நீராவியாகி, கண்ணாடி இளகும் நேரத்தில் அடியிலிருந்து ஊதி, பெரிய குமிழாகக் கிளம்பும். 'கண்ணாடி சரியில்லை' என்று பழி சொல்லப்படும் பல குமிழ்களுக்கு இந்த ஈரமே காரணம்.

பிரைமரின் பெரிய குறை, முழு உருக்கலுக்கு, அதாவது அடுக்குகள் ஒன்றாகி மேற்பரப்பு தட்டையாகும்வரை உருக்குவதற்கு, ஒருமுறைதான் உதவும் என்பது. 800 டிகிரியைத் தொட்ட பூச்சில் களிமண் தன்மை மாறிவிடும். அதே பூச்சில் இரண்டாவது முறை முழு உருக்கல் செய்தால் வெள்ளைப் படலம் கண்ணாடியோடு ஒட்டி வரும். ஒளிபுகாத வெள்ளை, வெண்ணெய் நிறக் கண்ணாடிகளில் இது இன்னும் மோசம். ஒளிபுகும் கண்ணாடியில் ஒட்டியதை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்துத் தேய்த்தால் ஓரளவு போகும். ஒளிபுகாத கண்ணாடியில் மணல் வீச்சு (காற்றழுத்தத்தில் மணலை அடித்துச் சுரண்டுவது) இல்லாமல் போவது கடினம். ஒவ்வொரு முழு உருக்கலுக்குப் பின்னும் சுவருக்குப் பட்டி பார்க்கும் அகலத் தகட்டால் பழைய பூச்சைச் சுரண்டி, புதிதாகப் பூசித்தான் ஆக வேண்டும். சுரண்டும்போது தூசி பறக்கும், என்95 முகக்கவசம் இல்லாமல் இதைத் தொடக்கூடாது. ஆனால் 650 டிகிரி அளவில் அச்சில் வளைக்கும் வேலைக்கு ஒரே பூச்சு பலமுறை தாங்கும். உதிரும் இடம் தெரியும்வரை மாற்ற வேண்டியதில்லை.

இப்போது தாள். ஒரு தாள் சுமார் 52 சென்டிமீட்டர் சதுரம், சுருளாகவும் கிடைக்கும். கத்தரியால் வெட்டலாம். தட்டில் விரித்து மேலே கண்ணாடியை அடுக்க வேண்டியதுதான். உலர்த்தல் இல்லை, சுரண்டல் இல்லை. சூடேறும்போது தாளைப் பிடித்திருக்கும் பசை எரிந்துபோய், கடைசியில் தொட்டால் உதிரும் வெள்ளைத் தூளாக நிற்கும். கண்ணாடியின் அடிப்பக்கம் பட்டுப் போன்ற மங்கலான வழவழப்போடு வரும். பூச்சுக் கோடு இல்லாததால், உணவுத் தட்டு, கோப்பைத் தாங்கி, தொங்கட்டான் போல அடிப்பக்கத்தை வாங்குபவர் திருப்பிப் பார்க்கும் பொருள்களுக்கு இது பெரிய லாபம்.

தாளின் இன்னொரு நன்மை பலருக்குத் தெரிவதில்லை. பசை எரிந்த பின் தாளில் காற்று ஊடுருவும். கார்டியரைட் என்ற சூடு தாங்கும் பீங்கானால் ஆன சூளைத் தட்டுகள் நாளடைவில் லேசாக வளையும். நடுவில் பள்ளம் விழுந்த தட்டில் அகலமான கண்ணாடியை வைத்தால் அடியில் காற்று சிக்கிக்கொள்ளும். தாள் அந்தக் காற்றை ஓரத்துக்குக் கொண்டு போகிறது. மேலும் கண்ணாடியின் ஓரம் பூச்சின் சொரசொரப்பில் சிக்கி நின்று, மீதி உள்ளே சுருங்கும்போது ஊசி முனை போல நீட்டிக்கொண்டு வரும் கோளாறும் தாளில் குறைவு. ஓரத்தை அரைத்துத் தள்ளும் வேலை பாதியாகும்.

குறைகளும் உண்டு, அவற்றை விற்பவர் சொல்லமாட்டார். பசை எரியும்போது புகையும் வாடையும் வரும். சூளையின் பார்வைத் துளை அடைப்பை எடுத்துவிட்டு, அறைச் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். வீட்டுக்குள் சூளை வைத்திருப்பவர்கள் இதைக் குறைவாக எடைபோடக் கூடாது. மூடிய சூளையில் புகை தங்கினால் பளபளப்பான மேற்பரப்பில் மங்கல் படியலாம். கண்ணாடியை விடப் பெரிதாகத் தாளை வெட்டினால், வெளியே நீட்டும் பகுதி சூட்டில் சுருண்டு கண்ணாடி மேல் மடியும், அங்கே வெள்ளைக் கறை விழும். கண்ணாடிக்கு 2 மில்லிமீட்டர் அதிகம் விட்டு வெட்டினால் போதும். இரண்டு துண்டை ஒட்டி வைத்தால் சேருமிடம் கோடாகப் பதியும். மேலே கசங்கல் இருந்தாலும் அதுவும் பதியும்.

வெந்த பிறகு மிஞ்சும் தூள்தான் உண்மையான ஆபத்து. அதை ஊதித் தள்ளுவதும் துடைப்பத்தால் பெருக்குவதும் நுரையீரலுக்குச் செய்யும் கேடு. ஈரத் துணியால் ஒத்தி எடுங்கள், அல்லது நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்கூமால் உறிஞ்சுங்கள். தூசியோடு அதிகம் புழங்கும் இடத்தில் முகக்கவசம் என்95ஐ விட நுணுக்கமாக வடிகட்டும் பி100 ஆக இருப்பது நல்லது. ஒரே சூளையில் அடுத்த பணியாக அச்சில் வளைக்கும் வேலை இருந்தால், மிச்சத்தூளைத் துடைக்காமல் விட்டால் அது காற்றில் ஏறிப் புதிய கண்ணாடியின் முகத்தில் உட்காரும்.

தாளைத் தட்டையான வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வளைந்த பீங்கான் அச்சின் மேல் அது சரியாகப் படியாது, மடிப்பு விழும். அச்சுக்குப் பிரைமர்தான். போரான் நைட்ரைடு தெளிப்பானும் அச்சுக்கு நல்லதுதான், ஆனால் ஒருமுறை அது பட்ட அச்சில் பிறகு பிரைமர் ஒட்டாது, மணல் வீச்சு செய்துதான் திரும்ப வர வேண்டும். அதேபோல, நன்றாக இளகிய கண்ணாடியைக் கம்பியால் இழுக்கும் வேலைக்குத் தாளை நம்பாதீர்கள். கம்பி பட்டால் கிழியும்.

இரண்டையும் எந்தச் சூட்டு அட்டவணையில் சோதித்தாலும் சரி, நடைமுறையில் 6 மில்லிமீட்டர் கனம் கொண்ட புல்ஸ்ஐ கண்ணாடிக்குப் பொருந்துவது இது. மணிக்கு 222 டிகிரி வேகத்தில் 677 வரை, அங்கே 30 நிமிடம். இந்த நிறுத்தம் அடுக்குகளுக்கு நடுவே உள்ள காற்றை வெளியேற்ற. பிறகு மணிக்கு 333 வேகத்தில் 804 வரை, 10 நிமிடம். அதற்குப் பின் எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக 482க்கு இறங்கி 1 மணி நேரம் (உள்ளழுத்தம் நீங்க ஆற்றும் நிறுத்தம் இது), பிறகு மணிக்கு 83 வேகத்தில் 371 வரை, மிச்சத்தைத் தானாக ஆற விடலாம். கனம் 12 மில்லிமீட்டர் ஆனால் 482இல் 2 மணி நேரம் வைத்து, 427 வரை மணிக்கு 55 டிகிரியாகவும், அங்கிருந்து 371 வரை மணிக்கு 99 டிகிரியாகவும் இறக்க வேண்டும். 25 மில்லிமீட்டருக்கு 4 மணி நேரம், இறக்கம் முதலில் 15, பிறகு 27. கனம் இரட்டிப்பானால் நிறுத்தம் இரட்டிப்பாகும், ஆனால் இறக்கும் நேரமும் இரட்டிப்புதான் என்று எண்ணி ஏமாற வேண்டாம், அது அதைவிட வேகமாக வளரும். அவசரத்தில் இறக்கியது சூளையை விட்டு வெளியே வந்து சில நாள் கழித்துக்கூட வெடிக்கும், அப்போது அது வாங்கியவர் வீட்டில் இருக்கும்.

இந்தியாவில் பலர் சன்னல் கண்ணாடியை, அதாவது ஃப்ளோட் கண்ணாடியை வைத்துத் தொடங்குகிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபெய்ன் ஆலை இருப்பதால் அது எளிதில் கிடைக்கிறது. அதற்கு முழு உருக்கல் 830 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆற்றும் நிலையும் சுமார் 550 டிகிரி. இந்த உயர்ந்த சூட்டில் பிரைமர் மேலும் பிடிவாதமாக ஒட்டும். எனவே ஃப்ளோட்டில் வேலை செய்பவர்கள் ஒவ்வொரு முறையும் புதுப் பூச்சு போட்டே ஆக வேண்டும், அல்லது தாளுக்குப் போய்விடலாம். புல்ஸ்ஐ கண்ணாடியோடு ஃப்ளோட்டைச் சேர்த்து உருக்க வேண்டாம். இரண்டும் விரியும் அளவு வேறு, ஆறும்போது விரிசல் விடும்.

வியாபாரக் கணக்குக்கு வருவோம். 10 சென்டிமீட்டர் சதுரக் கோப்பைத் தாங்கிகளை எடுத்துக்கொள்ளலாம். ஒரு தாளில் 10.4 சென்டிமீட்டர் துண்டுகள் 25 வரும், ஓரத்தில் 2 மில்லிமீட்டர் வீதம் விட்டும் பொருந்தும். 50 சென்டிமீட்டர் தட்டில் இடைவெளி விட்டு அடுக்கினால் ஒரு சூட்டுக்கு, அதாவது சூளையை ஒருமுறை ஓட்டுவதற்கு, 16 மட்டுமே. பிரைமர் என்றால் அந்தச் சூட்டுக்குச் சுரண்டல், கலக்கல், பூச்சு எல்லாம் சேர்த்து சுமார் 35 நிமிடம். உங்கள் உழைப்புக்கு மணிக்கு 300 ரூபாய் என்று வைத்தால் பூச்சு வேலைக்கு 175 ரூபாய், தாங்கி ஒன்றுக்கு சுமார் 11 ரூபாய். அப்படியானால் ஒரு தாள் வந்து சேரும் விலை, சுங்கமும் அனுப்புகைச் செலவும் சேர்த்து, 273 ரூபாய்க்குக் கீழே இருக்கும்வரை தாள் லாபம். அதற்கு மேல் போனால் பூச்சு மலிவு. உங்கள் எண்களை இதில் போட்டுப் பாருங்கள். தூளின் விலையை இங்கே எண்ணவில்லை, அது ஒரு சூட்டுக்குப் பெரிதாக வராது. ஆனால் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் 'தூள் மலிவு' என்று சொல்பவர்கள் தங்கள் நேரத்தை இலவசமாக விற்கிறார்கள்.

இன்னொரு செலவு, திரும்பச் சூடேற்றுவது. பூச்சுக் கோட்டைப் போக்க அடிப்பக்கத்தை அரைத்து, கவிழ்த்து மறுபடி சூட்டுக்குப் போட்டால் அந்தப் பொருளின் மின்சாரமும் சூளை நாளும் இரட்டிப்பாகும். பெரிய சுவர்ப் பொருளுக்கு அதைக் கேட்டு வாங்கலாம், தாங்கிக்குக் கேட்க முடியாது. எனவே சிறு பொருள் நிறைய விற்பவருக்குத் தாளே சரி. பெரிய, ஒற்றைப் பொருள் செய்பவருக்கும், அச்சில் வளைப்பவருக்கும் பிரைமர். இரண்டும் செய்பவர் இரண்டையும் வைத்திருப்பதே வழக்கம்.

தாள் போடுபவர்களும் தட்டை வெறுமையாக விடக்கூடாது. ஒரு பிரைமர் பூச்சு அடியில் இருக்கட்டும். தாள் கிழிந்தால் அது தட்டைக் காக்கும். கண்ணாடி நேரடியாகப் படாததால் அந்தப் பூச்சு பல சூட்டுக்கு நிற்கும், அடிக்கடி சுரண்ட வேண்டியதில்லை.

ஒரே தாளைக் கலைக்காமல் இரண்டாம் முறை பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முழு உருக்கலுக்கு வேண்டாம். கண்ணாடியைக் கையில் எடுக்கும்போதே தாள் குலைந்திருக்கும், குலைந்த இடத்தில் அடுத்த கண்ணாடி ஒட்டும். ஒரு தாளின் விலை மிச்சமாகும், ஒரு தட்டின் விலை போகும்.

வாங்கும்போது சுருளா, தனித் தாளா என்றால், சூளை தினமும் ஓடுபவருக்குச் சுருள். மாதத்துக்கு இரண்டு மூன்று சூட்டு மட்டும் என்றால் தனித் தாள். கடற்கரை ஊர்களில் தாள் ஈரத்தை இழுக்கும், நெகிழிப் பையில் மூடி, தட்டையாகப் படுக்க வைத்துச் சேமியுங்கள். ஓரம் மடிந்த தாளில் மடிப்பை வெட்டி நீக்கிவிட்டு, மிச்சத்தைச் சின்னத் தொங்கட்டான்களுக்கு ஒதுக்கிவிடலாம்.