கிளிஞ்சல் என்று எழுதி, கல்லை விற்றார்கள்

வீட்டுக் கோழிகளுக்குக் கிளிஞ்சல் வாங்குபவர்கள், பையைப் பிரித்ததும் ஒரு சிட்டிகை எடுத்து வினிகரில் போட்டுப் பாருங்கள். அதைச் செய்யாததால் இரண்டு மாதம் ஏமாந்தேன், ஒரு கோழியையும் இழந்தேன்.

என்னிடம் ஐந்து முட்டைக்கோழிகள் இருந்தன. தீவனத்தை நானே தானியம் கலந்து தயாரிக்கிறேன். கடையில் வரும் லேயர் தீவனத்தில் (முட்டைக்கோழிகளுக்கென்றே தயாரிப்பது) 3.5 முதல் 4 சதவீதம் வரை கால்சியம் சேர்த்திருப்பார்கள். தானியத்தில் அது மிகச் சொற்பம். அதனால் என் கோழிகளுக்கு முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய முழுவதும் கிளிஞ்சலிலிருந்துதான் கிடைத்தாக வேண்டும். வழக்கமாக வாங்குவது தீர்ந்துபோய், புதிய ஒருவரிடம் ‘தூய கிளிஞ்சல்’ என்று அச்சடித்த பையை வாங்கினேன்.

மூன்றாவது வாரத்தில் ஓடு மெலிந்து, கையில் எடுத்தாலே விரிசல் விட்டது. அப்புறம் கெட்டி ஓடே இல்லாமல் மெல்லிய சவ்வு மட்டும் மூடிய தோல்முட்டை வர ஆரம்பித்தது. விற்றவரைக் கேட்டேன். “கோழிக்கு வயசாகுது, அளவைக் கூட்டிப் போடுங்க” என்றார். கூட்டினேன். மறுபடி கேட்டபோது ஒரு டானிக் பாட்டிலை விற்றார். அதையும் வாங்கினேன்.

செவலை என்று நான் கூப்பிடும் கோழிதான் முதலில் விழுந்தாள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, வாலைத் தொங்கவிட்டு, முக்கிக்கொண்டே நின்றாள். கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். உள்ளே தோல்முட்டை சிக்கியிருந்தது. முட்டையை வெளியே தள்ளும் தசை வேலை செய்யவும் கால்சியம் வேண்டும், அது குறைந்தால் கோழியால் முக்கித் தள்ள முடியாது என்று விளக்கினார். ஊசி போட்டும் அன்றிரவு இறந்துவிட்டாள்.

கையோடு கொண்டுபோயிருந்த கிளிஞ்சலில் மருத்துவர் கொஞ்சம் எடுத்து வினிகரில் போட்டார். ஒரு குமிழிகூட வரவில்லை. உண்மையான கிளிஞ்சல் கால்சியம் கார்பனேட், உடனே நுரைக்கும். நான் கொட்டியது வெறும் வெள்ளைக் கல். கோழியின் இரைப்பையில் தானியத்தை அரைக்க அது உதவும், ஓட்டுக்கு எதுவும் தராது. ஒரு முட்டையின் ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தீவனத்தில் கிடைக்காதபோது கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறது. அந்த இரண்டு மாதமும் அவை அப்படித்தான் முட்டையிட்டிருக்கின்றன. இதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. “அது அரைக்கிற கல்தான், நீங்கதான் தப்பா வாங்கிட்டீங்க” என்றார். பையில் இருந்த எழுத்தைக் காட்டியதும் பேச்சை மாற்றிவிட்டார்.

வினிகர் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறும் போதும். ஆனால் சலவைக்கல் துண்டும் நுரைக்கும், அதனால் கண்ணாலும் பார்க்க வேண்டும். கிளிஞ்சல் துண்டு தட்டையாக, அடுக்கடுக்காக, சில இடங்களில் மினுமினுப்பாக இருக்கும். முழுக்கத் தூளாக இருப்பதை வாங்காதீர்கள். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது, பெரிய துண்டுகள் இரைப்பையில் தங்கி மெல்லக் கரைந்து அந்த நேரத்துக்குக் கைகொடுக்கும். தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவையானதைக் கோழியே கொத்திக்கொள்ளும்.

கிளிஞ்சல் சரியாக இருந்தும் தோல்முட்டை வந்தால் காரணம் வேறாக இருக்கலாம். கடும் வெயிலில் மூச்சு வாங்கும் கோழிக்கும் ஓடு மெலியும். புதிதாக முட்டையிடத் தொடங்கும் கோழி ஒன்றிரண்டு தோல்முட்டை இடுவது சகஜம். பல கோழிகள் ஒரே நேரத்தில் சுருக்கம் விழுந்த முட்டையிட்டு, தும்மலும் இருந்தால் அது தொற்றுநோயாக இருக்கலாம். டானிக் தேடாமல் மருத்துவரிடம் போங்கள்.

மற்ற நான்குக்கும் நல்ல கிளிஞ்சல் வைத்த பத்தாம் நாள் கெட்டி ஓடு திரும்பியது.