ஹெச்பிவி பாசிட்டிவா இருந்தா தொண்டை கேன்சருக்கு லேசான வைத்தியம் போதுமா?

ரிப்போர்ட்ல பாசிட்டிவ்னு பாத்தாலே நமக்கு வயித்துல புளியக் கரைக்கும். ஆனா டான்சில்லயும் நாக்கோட அடிப்பகுதியிலயும் வர்ற கேன்சர்ல ஹெச்பிவி (மனித பாப்பிலோமா வைரஸ்) பாசிட்டிவ்னு, அதாவது இந்த வைரஸால வந்த கேன்சர்னு வந்தா அது உண்மையிலயே நல்ல சேதி. 2010ல ஆங் குழு வெளியிட்ட அமெரிக்க ஆய்வுல, 3 வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க ஹெச்பிவி பாசிட்டிவ்ல 82.4 சதவீதம், நெகட்டிவ்ல 57.1 சதவீதம், ரெண்டு பேருக்கும் ரேடியேஷன் கூட சிஸ்பிளாட்டின் கீமோதான்.

ஏன்னு கேட்டா, புகையிலையால வர்ற கேன்சர்ல செல்லைக் காவல் காக்குற பி53 ஜீனே பெரும்பாலும் உடைஞ்சு போயிருக்கும், வைரஸால வர்றதுல ஜீன் முழுசாதான் இருக்கு, அது செய்யுற புரோட்டீனை மட்டும் வைரஸ் அழிச்சிட்டே இருக்கும், அதனாலதான் ரேடியேஷன் அடிச்சா இந்த செல்லுங்க சீக்கிரம் மடங்குதுன்னு ஒரு விளக்கம் சொல்றாங்க. இதுல சிகரெட் குறுக்க வரும். தினம் ஒரு பாக்கெட் வீதம் 10 வருஷத்துக்கு மேல ஊதினவங்களுக்கு, கழுத்துல நெறியும் அதிகமா இருந்தா, பாசிட்டிவா இருந்தும் அந்த சலுகை குறைஞ்சிடுது.

சரி, இவ்ளோ நல்லா கேக்குதுன்னா எதுக்கு முழு டோஸ் குடுத்து காதையும் கிட்னியையும் கெடுக்கணும், எச்சில் இல்லாம வாய் வறண்டு, சோறு முழுங்க முடியாம ஏன் அவஸ்தைப்படணும்? நியாயமான கேள்விதான், நானும் முதல்ல படிச்சப்ப லேசான பக்கம்தான் ஜெயிக்கும்னு நெனச்சேன்.

முதல் போட்டியாளர் செட்டுக்சிமாப். கீமோ இல்ல, குறிவைச்சு அடிக்கிற மருந்து, மூஞ்சி பூரா பரு மாதிரி கிளம்பும் ஆனா வாந்தி, கிட்னி தொல்லை கம்மி. பிரிட்டன், அயர்லாந்து, நெதர்லாந்துல 334 பேர வச்சு பாத்தாங்க, எல்லாரும் ரிஸ்க் கம்மியான பாசிட்டிவ் ஆளுங்க. 2 வருஷத்துல உயிரோட இருந்தவங்க சிஸ்பிளாட்டின்ல 97.5 சதவீதம், செட்டுக்சிமாப்ல 89.4. கேன்சர் திரும்ப வந்தது சிஸ்பிளாட்டின்ல 6 சதவீதம், செட்டுக்சிமாப்ல 16. சரி சைடு எஃபெக்டாவது குறைஞ்சுதான்னா அதுவும் இல்ல, கடுமையான பாதிப்பு ரெண்டு பக்கமும் ஆளுக்கு சராசரியா 4.8 தடவை. அமெரிக்காவுலயும் கனடாவுலயும் 800 பேருக்கு மேல வச்சு நடந்த இன்னொரு ஆய்வுலயும் 5 வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க 84.6 சதவீதத்துக்கு 77.9னு சிஸ்பிளாட்டின்தான் முன்னாடி. ரெண்டு முடிவும் 2018லயே வந்தாச்சு. கிட்னி, காது காரணமா சிஸ்பிளாட்டின் ஏத்தவே முடியாதவங்க விஷயம் வேற, மத்தபடி "லேசா இருக்கட்டும்"னு இதக் கேட்டு வாங்குறது என் கணக்குல நஷ்ட வியாபாரம்.

அடுத்தது ரேடியேஷனை 70 கிரேல (கிரேங்கிறது கதிரோட அளவு) இருந்து 60க்கு இறக்குறது. இதுல எனக்கு ரொம்ப நம்பிக்கை இருந்துச்சு. 2024ல வந்த முடிவைப் பாத்தா, 2 வருஷம் கேன்சர் தலைகாட்டாம இருந்தவங்க 70 கிரேயும் சிஸ்பிளாட்டினும் வாங்கினதுல 98.1 சதவீதம், 60ம் சிஸ்பிளாட்டினும்னா 88.6, 60 கூட சிஸ்பிளாட்டினுக்கு பதிலா நிவோலுமாப்ங்கிற இம்யூனோதெரபி மருந்து சேத்தா 90.3. பழைய வைத்தியம் அவ்ளோ நல்லா வேலை செய்யும்போது புதுசு எங்க போய் ஜெயிக்கிறது!

இந்தக் கணக்கை அப்படியே நம்ம ஊருக்குத் தூக்கிட்டு வராதீங்க. இங்க பாக்கு, புகையிலை அடக்கி கன்னத்து உள்பக்கமும் ஈறுலயும் வர்றதுதான் ஜாஸ்தி, அதுல பி16 டெஸ்ட் (ஹெச்பிவி இருக்கான்னு மறைமுகமா காட்டுற புரோட்டீன் டெஸ்ட்) பாசிட்டிவ்னு வந்தாலும் இந்த சலுகையை எதிர்பாக்க முடியாது. தொண்டையிலயே கூட பி16 மட்டும் பாத்து நிறுத்திடக்கூடாது, ஏன்னா 7,000 பேருக்கு மேல அலசுன 2023 ஆய்வுல பி16க்கும் நேரடி ஹெச்பிவி டெஸ்டுக்கும் 9.2 சதவீதம் பேருக்கு ஒத்துப்போகல, பி16 இருந்து வைரஸ் இல்லாதவங்கள்ல 5 வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க 54.7 சதவீதம்தான், ரெண்டுமே பாசிட்டிவா இருந்தவங்களுக்கு 81.1.

மிச்சம் இருக்குறது ஆபரேஷன் வழி. வாய் வழியா ரோபோ விட்டு கட்டியை எடுத்துட்டு, நடுத்தர ரிஸ்க் இருக்குறவங்களுக்கு கீமோ இல்லாம 50 கிரே மட்டும் குடுத்ததுல 2 வருஷத்துக்கு 94.9 சதவீதம் பேர் கேன்சர் திரும்பாம இருந்தாங்க, 60 குடுத்தவங்க 96. ரெண்டாம் கட்ட ஆய்வுதான், இதுவே முடிவான ஆதாரம் இல்ல, ஆனா குறைக்கிற கட்சியில எனக்கு இப்போ கொஞ்சமாவது நம்பிக்கை குடுக்குறது இது ஒண்ணுதான், அதுவும் கட்டி சின்னதா இருந்து ஓரம் சுத்தமா வெட்டி எடுக்க முடிஞ்சா.