விமானம் பாதியில் திரும்பினால் கவுன்டரில் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

பாரிஸிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ கிளம்பிய விமானம் கோளாறால் திரும்பி இறங்கியதும், சாப்பாட்டுக் கூப்பனோடு ஒரு தாளும் வரலாம். அடியில் பொடி எழுத்தில் ‘இந்த வவுச்சரை முழு இழப்பீடாக ஏற்கிறேன்’ என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி இழப்பீடு பணமாகத்தான் வரவேண்டும். நீங்கள் எழுதிச் சம்மதித்தால் மட்டுமே வவுச்சர். சாப்பாடும் இரவு தங்க அறையும் தனி உரிமை, அதற்காக எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

‘விமானம் நேரத்துக்குக் கிளம்பிவிட்டதே, ரத்து ஆகவில்லையே’ என்பார்கள். நம்பாதீர்கள். 2008 செப்டம்பரில் பாரிஸிலிருந்து ஸ்பெயினின் விகோவுக்குக் கிளம்பிய விமானம் சில நிமிடங்களில் திரும்பியது. சிலரை மறுநாள் போர்ச்சுகலின் போர்ட்டோவில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து விகோவுக்கு டாக்ஸி. இந்த வழக்கில் (சி-83/10) 2011 அக்டோபர் 13 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: கிளம்பினால் போதாது, போய்ச் சேர வேண்டும். திரும்பி வந்து பயணிகளை வேறு விமானங்களில் ஏற்றினால் அது ரத்துதான், இழப்பீடு கேட்கலாம்.

‘தொழில்நுட்பக் கோளாறுக்கு நாங்கள் என்ன செய்வது?’ என்ற பேச்சும் எடுபடாது. ஈக்வடாரின் குயிட்டோவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போகும் விமானத்தில் எரிபொருள் பம்ப்பும் ஹைட்ரோமெக்கானிக்கல் யூனிட் என்ற இன்னொரு பாகமும் பழுதாகி, மாற்றுப் பாகங்கள் ஆம்ஸ்டர்டாமிலிருந்தே வரவேண்டியிருந்தது. 29 மணி நேரத் தாமதம். பாகங்கள் ஆயுட்காலம் தாண்டாதவை என்று வாதாடியும், பொறுப்பு நிறுவனத்துடையதே என்று 2015இல் தீர்ப்பானது. பறவை மோதினாலோ ஓடுபாதையில் கிடந்த திருகாணி டயரைப் பதம் பார்த்தாலோ நிறுவனம் தப்பிக்கலாம். ஆகவே காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்; ‘தொழில்நுட்பக் காரணம்’ என்று மொட்டையாக வந்தால், எந்தப் பாகம் என்று மறுபடி கேளுங்கள். திரும்ப முடிவெடுத்த விமானி செய்தது சரி, அவரிடம் கோபம் வேண்டாம்.

தொகை 1,500 கி.மீ. வரை 250 யூரோ, 3,500 வரை 400. சென்னை போன்ற தூரத்துக்கு 600.

பழுது பார்த்து அதே விமானத்திலேயே அனுப்பினால் தாமதக் கணக்கு: 3 மணி நேரம் பிந்திச் சேர்ந்தாலே இழப்பீடு உண்டு, நெடுந்தூரத்துக்குத் தாமதம் 4 மணி நேரத்துக்குள் என்றால் பாதி. சக்கரம் தரை தொட்ட நேரம் கணக்கில்லை, கதவு திறந்த நேரம்தான். அந்த நிமிடத்தைப் போனில் படம் எடுங்கள். பழைய போர்டிங் பாஸையும் புதியதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் விமானம் எந்த நிறுவனத்துடையதானாலும் இந்த விதி கட்டுப்படுத்தும். சென்னையிலிருந்து அங்கே போகும்போது, விமானம் ஐரோப்பிய ஒன்றிய நிறுவனத்துடையதாக இருந்தால் மட்டும். வழக்குப் போடக் கெடு பிரான்சில் 5 ஆண்டு, ஜெர்மனியில் 3.